கார் பார்க் பிள்ளையாரும் புது ஃபேனும்

போன வியாழக்கிழமை காலை, மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஐந்து பேருக்கு முன்னால் நின்று நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டேன். கண் கலங்கி, கையைக் கட்டிக்கொண்டு...

அப்படி ஒரு குற்றம் நடந்ததா என்று அந்த ஐந்து பேரில் ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. அதுதான் விசேஷம்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் தொழில் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக இன்னொரு தடவை சொல்கிறேன். தென் லண்டனில் கவுன்சிலுக்குச் சொந்தமான ஒரு நிலத்தடிக் கார் பார்க்கில் நான் அட்டெண்டன்ட். ரோட்டு வாசலில் ஒரு கேற். அதைத் திறந்து சாய்பாதையில் இறங்கினால் கீழே இரண்டு தளம். மேல் தளத்தில் கடைக்கு வருபவர்களின் கார்கள். கீழ்த் தளத்தில் மாதக்கணக்கில் நிறுத்துபவர்களின் கார்கள். அங்கே ஒரு மூலையில் கண்ணாடி வைத்த என் கேபின். பதினான்கு வருடமாக என் பகல் பொழுது அங்கேதான். சூரியனைப் பார்க்க வேண்டுமென்றால் டீ பிரேக்கில் படியேறி வர வேண்டும். லண்டனில் படியேறி வந்தாலும் சூரியன் நிற்பான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை... அது வேறு கதை.

அங்கே காற்று எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்களா? வேலை முடிந்து மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் மை கொட்டியதுபோல் இருக்கும். (சாப்பிட்டுக்கொண்டு படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும்.) கூரை முழுக்கத் தகரக் குழாய்கள். அவற்றின் முடிவில் இரண்டு கிழட்டு ஃபேன்கள். ஒன்று ஓடினால் மற்றது ஓடாது. தப்பித்தவறி இரண்டும் சேர்ந்து ஓடினால் நாங்கள் ஓட வேண்டும். அவ்வளவு சத்தம்!

அந்தக் கேபினில், கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னால், உள்ளங்கை உயரத்தில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். ஆறு வருடத்துக்கு முன் என் மனைவிக்கு வயிற்றில் பெரிய ஒப்பரேஷன் நடந்தது. அன்று நான் ஆஸ்பத்திரியில் இல்லை, ஷிப்டில் நின்றேன். "நீங்கள் இஞ்ச நிண்டு முழிக்கிறதைப் பார்த்தால் எனக்குப் பிரஷர் ஏறும். வேலைக்குப் போங்கோ" என்று அவளே அனுப்பிவிட்டாள். கேபினுக்குள் நின்றுகொண்டு பிள்ளையாரிடம் ஒரு நேர்த்தி வைத்தேன். 'அப்பனே, அவள் நடந்து வீட்டுக்கு வரட்டும். இந்த வேலையில் நான் இருக்கும் கடைசி நாள் வரைக்கும், வேலைக்கு வருகிற ஒவ்வொரு காலையும், கேற் திறப்பதற்கு முன் உனக்குக் கற்பூரம் கொளுத்துகிறேன்.'

அவள் நடந்து வந்தாள். வந்த அன்றே கழுவாத சட்டிகளோடு குசினி இருந்த கோலத்தைப் பார்த்து எனக்கு ஒரு பெரிய அர்ச்சனையும் நடத்தினாள். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

அன்றிலிருந்து, காலை ஆறே காலுக்கு, நகம் அளவு கற்பூரம். மூன்று நிமிடம். அவ்வளவுதான்.

கேபின் கதவில் ஓர் அறிவித்தல் உண்டு. தீ கூடாது, புகை கூடாது, மீறினால் வேலை போகும் என்று. எங்கள் மனேஜர் ஹெலன் தன் கையாலேயே பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியது. நான் அதைத் தினமும் படிப்பேன். இது சிகரெட் குடிப்பவர்களுக்கு, பிள்ளையார் சிகரெட் குடிப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு தீர்ப்பு எழுதி ஆறு வருடத்தை ஓட்டிவிட்டேன். அந்தப் பழைய ஃபேன்கள் இருந்த காலத்தில் இது யாருக்குத் தெரியும்? அங்கே லொறி எரிந்தாலே தெரியாது!

இந்த வருடம் கவுன்சிலுக்கு ஞானம் பிறந்தது. கார் பார்க்கின் காற்றோட்டத்தை அடியோடு புதுப்பிக்கப் போகிறோம் என்றார்கள்.

மூன்று மாதம் வேலை நடந்தது. பாதித் தளத்தை மூடி, மறுபாதியைத் திறந்து, பிறகு மாற்றி மூடி... "ஏன் மூடியிருக்கிறது?" என்று காருக்குள் இருந்து கேட்பார்கள். "காற்றுக்காக" என்பேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

பழைய தகரக் குழாய்கள் எல்லாம் போய்விட்டன. இப்போது கூரையில் விமான என்ஜின் மாதிரி நீள உருளைகள் தொங்குகின்றன. ஒரு ஃபேன் காற்றைத் தள்ள, அடுத்த ஃபேன் வாங்கி அதற்கடுத்ததிடம் கொடுக்க, கும்பாபிஷேகத்தில் குடம் கைமாறுவதுபோல் கைமாறிக் கைமாறி, மூலையில் இருக்கும் பெரிய புகைக்கூண்டு வழியாகக் கெட்ட காற்று வெளியே போய்விடும். தூண்களில் ஆளுயரத்துக்குச் சின்னச் சின்ன வெள்ளைப் பெட்டிகள்.

இந்த வேலைக்குப் பொறுப்பாக வந்த என்ஜினியர் பிரபு, கோயம்புத்தூர்க்காரர். முப்பது வயதிருக்கும். வாய்க்கு வாய் 'ங்க' போடுகிற தங்கமான பிள்ளை. நான் போய்க் கேட்டேன்.

"தம்பி, உந்த வெள்ளைப் பெட்டி என்ன செய்யும்?"

"இதுங்களாண்ணா? இதுதாங்க மூக்கு. இருபத்துநாலு மணி நேரமும் மோந்து பார்த்துட்டே இருக்கும். காத்து கெட்டுப்போச்சுன்னா அதுவே ஃபேனை ஓட்டிரும். எத்தனை மணிக்கு, எந்தத் தூண் பக்கம், எவ்வளவு நேரம்னு எல்லாமே பதிவாயிருங்க. ஹெலன் மேடம் ஆபீஸ்ல உக்காந்துட்டே பார்க்கலாம்."

"எல்லாமோ?"

"எல்லாமேங்கண்ணா. ஏன் கேக்கறீங்க?"

"சும்மா கேட்டனான்."

என் கேபினுக்கு நேர் எதிரே, பத்தடி தூரத்தில், ஏழாம் நம்பர் மூக்கு என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

போன திங்கட்கிழமைதான் எல்லாவற்றையும் முதல் தடவையாக ஓடவிட்டார்கள். நான் வழக்கம்போல் ஆறே காலுக்குக் கற்பூரத்தைக் கொளுத்தி, தட்டைத் தூக்கி, ஒரு சுற்று... இரண்டு சுற்று... மூன்றாவது சுற்றில் தலைக்கு மேலே 'ஹூ...' என்று ஒரு சத்தம். கேபின் ஜன்னல் திறந்திருந்தது. ஒரே அடி. கற்பூரம் அணைந்துவிட்டது.

கற்பூரம் தானாக எரிந்து முடிய வேண்டும். பாதியில் அணையலாமா? அதுவும் யாருக்காகக் கொளுத்துகிற கற்பூரம்? மறுபடி கொளுத்தவும் பயம். அன்று மனைவிக்கு நான்கு தடவை ஃபோன் எடுத்தேன்.

"சுகமோ?"

"சுகம். ஏன்?"

இரண்டாம் தடவை, "சுகமோ?" மூன்றாம் தடவை, "உண்மையாச் சுகமோ?"

நான்காம் தடவை அவள் சொன்னாள். "இனியொருக்கா எடுத்தியளெண்டால் உங்களுக்குத்தான் சுகமிருக்காது."

செவ்வாய்க்கிழமை கொஞ்சம் புத்தியைப் பாவித்தேன். ஜன்னலைச் சாத்தினேன். கதவிடுக்கில் துவாயை வைத்தேன். கற்பூரத்தை நாலில் ஒன்றாக உடைத்து, அதற்கு மேலே கோழி அடைகாப்பதுபோல் குனிந்து நின்று கொளுத்தினேன். சுடர் அணையவில்லை. ஆனால் மேலே ஃபேன்... 'ஹூ...!' அதே நேரம், அதே சத்தம்.

சந்தேகமே இல்லை. மூக்கு கண்டுபிடித்துவிட்டது.

அன்று மத்தியானம் ஹெலனிடமிருந்து இமெயில். வியாழன் காலை ஆறரைக்கு ஸ்மோக் டெஸ்ட். ஃபயர் சேஃப்டி ஒஃபிசர் வருகிறார். கேற் அன்று எட்டு மணிக்குத்தான் திறக்கப்படும். நீங்கள் கட்டாயம் நிற்க வேண்டும்... கட்டாயம் என்ற சொல்லுக்குக் கீழே கோடு வேறு.

குடித்துவிட்டுக் கார் ஓட்டுபவனுக்குப் பொலிஸ் வைப்பது பிரெத் டெஸ்ட். அப்படியானால் கார் பார்க்கில் கற்பூரம் கொளுத்துபவனுக்கு வைப்பது? என் இங்கிலீஷ் படிப்புக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்கவில்லை.

பிரபுவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"தம்பி, வியாழக்கிழமை டெஸ்டில எனக்கு என்ன வேலை?"

"நீங்கதாண்ணா அன்னிக்கு முக்கியமான ஆளே! நேத்துகூட ஹெலன் மேடம்கிட்ட உங்களைப் பத்தி நல்லாப் பேசிட்டு வந்திருக்கேன்."

"நல்லாப் பேசினனீங்களோ?"

"ஆமாங்கண்ணா! அரை மணி நேரம் பேசினேன். ஃபயர் ஆபீசர்கிட்டயும் பேசிட்டேன். அவரும் உங்களைப் பார்த்தே ஆகணும்னு சொல்லிட்டாருங்க."

இந்த இடத்தில் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு சொல் விளக்கம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை, கதைப்போம். 'பேசினார்' என்றால் திட்டினார் என்று அர்த்தம். 'நல்லாப் பேசினார்' என்றால் நார் நாராகக் கிழித்தார் என்று அர்த்தம். அரை மணி நேரம் நல்லாப் பேசினால் மனிதனில் என்ன மிஞ்சும்?

இந்தியப் படம் பார்க்கிற உனக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். நன்றாகத் தெரியும். ஆனால் நெஞ்சு படபடக்கிற நேரத்தில் காது தன் சொந்த ஊருக்குத்தான் ஓடுகிறது.

அன்று பின்னேரம் சாப்பாட்டுப் பையைக் கழுவித் துடைத்து, உள்ளே புதுத் துவாய் விரித்து, பிள்ளையாரை இருத்தி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு நோர்பரியில் இருக்கும் வீட்டுக்கு வந்தேன். மனைவி சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவலாம் என்று பையைத் திறந்தாள்.

"ஐயோ! இவரை வேலையால நிப்பாட்டிப்போட்டாங்களோ?"

"இவரை இல்லை... என்னைத்தான் நிப்பாட்டப் போறாங்கள்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்தாள்.

"உந்த நேர்த்தி ஆருக்காக வைச்சது?"

"உனக்காகத்தான்."

"அப்ப நான் சொல்லுறன், நிப்பாட்டுங்கோ. நான் கல்லு மாதிரி இருக்கிறன். வேலைதான் முக்கியம்."

"நீ சொல்லி நிப்பாட்டேலாது. நான் உன்னோடயே கதைச்சனான்? பிள்ளையாரோடயெல்லோ கதைச்சனான்."

"அப்ப அவரைக் கவுன்சிலோட கதைக்கச் சொல்லுங்கோ."

புதன்கிழமை எனக்கு ஓய்வு நாள். ஓய்வாவது! இந்த வயதில் வேலை போனால் யார் இன்னொரு வேலை தருவார்கள்? சரி, வேலைக்காக நேர்த்தியை விட்டுவிடலாம் என்றால், அணைந்துபோன அந்தக் கற்பூரம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. பகல் முழுக்க மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு தடவை தும்மினாள். எனக்கு இரண்டு தடவையும் உயிர் போய் வந்தது. மிளகாய் வறுத்தாளாம்.

வியாழன் காலை வெளிக்கிடும்போது பிள்ளையாரை மறுபடி பைக்குள் வைத்துக் கையில் தந்தாள். "இவரையும் கூட்டிக்கொண்டு போங்கோ. கேள்வி கேட்டால் ரெண்டு பேருமாச் சேர்ந்து பதில் சொல்லுங்கோ."

கீழ்த் தளத்தில் ஐந்து பேர். ஹெலன், பிரபு, பிரபுவின் கம்பனி ஆட்கள் இருவர், பிறகு அவர்... ஆறடிக்கு மேல் உயரம், வெள்ளை மீசை, கையில் ஒரு தடித்த ஃபைல். ஃபயர் ஒஃபிசர். அவர்களுக்கு நடுவில் ஒரு கறுப்புப் பெட்டி. பெட்டியிலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய்.

பொலிஸ்காரன் ஊதச் சொல்வது பேனா அளவுக் குழாய். என் குற்றத்தின் அளவைப் பாருங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"வாங்கண்ணா! உங்களுக்காகத்தான் வெயிட் பண்றோம்" என்றார் பிரபு, சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பு எனக்கு நெருப்பாக இருந்தது.

ஒஃபிசர் கையை நீட்டினார். "இங்கே புகையைப் பற்றி எல்லாம் தெரிந்த ஆள் நீங்கள்தானாமே?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

அவ்வளவுதான். உடைந்துவிட்டேன்.

"சொரி சேர். சொரி மேடம். எவ்ரி மோர்னிங்... ஐ மேக் ஸ்மோல் ஃபயர்."

ஒஃபிசரின் பேனா கீழே விழுந்து உருண்டு ஒரு காருக்கு அடியில் போனது.

"ஸ்மோல்... ஃபயர்?"

"யெஸ் சேர். வெரி ஸ்மோல். சிக்ஸ் இயர்ஸ்."

அவர் சுற்றி நின்ற கார்களை மெதுவாகப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒவ்வொரு காருக்குள்ளும் ஒரு பெற்றோல் டாங்க் இருக்கிறது என்பது ஆறு வருடத்தில் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"ஏன்?" என்றார் ஹெலன்.

"ஃபோர் கோட், மேடம்."

நான் சொன்னது கடவுளை. ஹெலனின் காதில் அது 'கோல்ட்' என்று விழுந்துவிட்டது. அவர் முகம் அப்படியே இளகியது. "குளிருகிறதென்றால் என்னிடம் சொல்லியிருக்கலாமே? ஒரு ஹீட்டர் தந்திருப்பேனே! ஆறு வருடமாக நெருப்பு மூட்டியா குளிர் காய்ந்தீர்கள்?"

பிரபு ஓடி வந்து என் தோளைப் பிடித்தார். "அண்ணா, என்னங்கண்ணா சொல்றீங்க? என்கிட்ட தமிழ்ல சொல்லுங்க."

"என்னத்தைத் தம்பி சொல்லுறது? ஏழாம் நம்பர் மூக்கு காட்டிக்குடுத்திட்டுது. நீங்களும் என்னைப் பற்றி நல்லாப் பேசிப்போட்டியள்."

"நல்லாத்தானேங்க பேசினேன்?"

"ஓம், அதைத்தான் நானும் சொல்லுறன்!"

"அதுக்கு ஏனுங்க அழுவறீங்க?"

கற்பூரம், நேர்த்தி, ஆறே கால், தலைக்கு மேலே 'ஹூ'... எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்கக் கேட்கப் பிரபுவின் வாய் பிளந்துகொண்டே போனது.

"அண்ணா... அது டைமருங்கண்ணா! தினமும் காலைல ஆறே காலுக்கு, ராத்திரி தேங்கின காத்தை வெளியேத்த அஞ்சு நிமிஷம் தானா ஓடற மாதிரி நான்தாங்க செட் பண்ணினேன். அந்த மூக்கு கார் புகைக்கு மட்டுங்க. உங்க கற்பூரத்தை அது கண்டுக்கவே கண்டுக்காது. பதினாலு வருஷமா இங்க இருக்கற ஆளு, எந்த மூலைல காத்து தேங்கும்னு இவருக்குத்தான் தெரியும், டெஸ்டுக்கு இவர் இல்லாம ஆகாதுன்னு மேடம்கிட்ட சொன்னேன். அதைத்தாங்க பேசினேன்னு சொன்னது!"

ஆக, ஸ்மோக் டெஸ்ட் எனக்கல்ல. கார் பார்க்குக்கு. அந்தக் கறுப்புப் பெட்டி செயற்கைப் புகை விடுகிற மெஷின். மேடைக் கச்சேரிகளில் பார்ப்போமே, அதன் பெரியண்ணன். புகையை விட்டு, புது ஃபேன்கள் எவ்வளவு கெதியாக அதை வெளியேற்றுகின்றன என்று பார்ப்பார்களாம்.

அந்தக் காலை வரைக்கும் என் இரகசியம் மூன்று பேருக்குத்தான் தெரியும். எனக்கு, மனைவிக்கு, பிள்ளையாருக்கு. இப்போது எட்டுப் பேர். யாரும் கேட்காமலே!

பிரபு எல்லாவற்றையும் ஹெலனுக்கும் ஒஃபிசருக்கும் இங்கிலீஷில் விளக்கினார். ஒஃபிசர் கற்பூரத்தைக் காட்டச் சொன்னார். பையைத் திறந்தேன். முதலில் பிள்ளையார் வந்தார், பிறகு கற்பூரப் பெட்டி. ஒஃபிசர் ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், மணந்தார். தன் முழங்கால் தைலத்தின் மணம் என்றார். பிறகு கொஞ்சம் வருத்தமாகவே தீர்ப்பைச் சொன்னார்.

கூரைக்குக் கீழே சுடர் கூடாது. நகம் அளவானாலும் கூடாது. நகத்தில் பாதியானாலும் கூடாது.

நான் என்ன சொல்ல முடியும்? நியாயம் அவர் பக்கம். அத்தனை பெற்றோல் டாங்குகளும் அவர் பக்கம். எட்டு மணிக்குக் கேற் திறக்க வேண்டும். ஆறு வருடத்தில் முதல் தடவையாகக் கற்பூரம் இல்லாமல் திறக்கப் போகிறது. பிள்ளையாரை மறுபடி பைக்குள் வைத்தேன். தலை நிமிரவில்லை.

"முதலில் டெஸ்ட். மிச்சத்தைப் பிறகு கதைப்போம்" என்றார் ஹெலன்.

மனம் செத்துப்போயிருந்தாலும் வேலை வேலைதானே? காற்று தேங்குகிற இடத்தைக் காட்டினேன். பின்படிக்கட்டுக்குப் பக்கத்துத் தூண். மெஷினை அங்கே வைத்தார்கள். புகை வந்தது பாருங்கள்... தேர்த் திருவிழா அன்று கோயில் உள்வீதியில்கூட அப்படிப் புகையை நான் கண்டதில்லை. முதலில் கார்கள் மறைந்தன. பிறகு தூண்கள். பிறகு ஹெலன். நான் கேபின் பக்கம் ரேடியோவும் கையுமாக நின்றேன். பிரபு மறுமுனையில் பட்டனை அழுத்தினார். எல்லா ஃபேன்களும் ஒரே நேரத்தில் மூச்செடுத்தன. வெள்ளைப் புகை முழுவதும் எழும்பி, ஒரே திசையில், வரிசை கலையாமல் போகத் தொடங்கியது.

ரேடியோவில் பிரபு. "அண்ணா, உங்க பக்கம் புகை போயிருச்சுங்களா?"

"ஓம்."

"அண்ணா?"

"ஓம்!"

"அண்ணா, பயப்படாதீங்க. சாமி கும்பிடறதை அப்புறம் வச்சுக்கலாம். புகை போச்சா, இல்லீங்களா?"

மூன்று மாதமாக 'ஆமாம்' என்பதற்கு என் 'ஓம்' கேட்டுப் பழகிய பிள்ளைதான். ஆனால் சற்று முன்னர்தானே பையிலிருந்து பிள்ளையாரை எடுத்துக் காட்டினேன்? அவர் காதும் அவர் ஊருக்கு ஓடிவிட்டது.

"போட்டுது தம்பி, போட்டுது! யெஸ்! யெஸ்!"

நான் காட்டிய தூணடியில் மட்டும் கொஞ்சப் புகை பிடிவாதமாக நின்றது. பிரபு ஆளை ஏற்றி ஒரு ஃபேனைக் கொஞ்சம் திருப்பி வைத்தார். மறுபடி புகை, மறுபடி ஃபேன். இந்தத் தடவை ஒரு நூல்கூட மிஞ்சவில்லை. ஒஃபிசர் ஃபைலில் கையெழுத்துப் போட்டார். நேரம் ஏழு நாற்பது.

அப்போது ஹெலன் என்னிடம் வந்தார். "உங்கள் கடவுளுக்கு ஒரு கேள்வி. சுடர் கட்டாயம் உள்ளேதான் எரிய வேண்டுமா?"

நான் யோசித்தேன். கேற் திறப்பதற்கு முன் என்றுதான் நேர்ந்தேன். கேற்றுக்கு உள்பக்கமா வெளிப்பக்கமா என்று நான் சொல்லவுமில்லை, பிள்ளையார் கேட்கவுமில்லை.

"வெளியில எண்டாலும் பறவாயில்லை மேடம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிரபு மொழிபெயர்த்தார்.

சாய்பாதையின் உச்சியில், கேற்றுக்கு வெளியே, மேலே வானம் மட்டும் உள்ள ஒரு சீமெந்து மூலை இருக்கிறது. ஹெலன் ஒஃபிசரைப் பார்த்தார். ஒஃபிசர் மீசையைத் தடவினார். அங்கே கார் நிற்பதில்லை, கூரையில்லை, சரி. ஆனால் கவுன்சில் இடத்தில் எந்தச் சுடர் என்றாலும் அது சூட்டு வேலை. வெல்டிங் செய்பவர்களுக்கு உள்ள அதே சட்டம். பெர்மிட் வேண்டும்!

பிரபுவின் ஆட்களிடம் வெல்டிங் பெர்மிட் புத்தகம் இருந்தது. ஒரு தாளைக் கிழித்துத் தந்தார்கள். காரின் பொனெட்டில் வைத்து நிரப்பினேன். வேலையின் வகை... கற்பூரம். உபகரணம்... ஒரு தட்டு, ஒரு தீப்பெட்டி. தீயணைக்கும் சிலிண்டர் பக்கத்தில் இருக்க வேண்டும், இருக்கும். வேலை முடிந்து ஒரு மணி நேரம் அந்த இடத்தைக் கவனிக்க ஆள் வேண்டும். இனிக் காலையில் முதல் ஒரு மணி நேரம் கேற்றடியிலேயே நிற்கிறேன் என்றேன். வேலையில் ஈடுபடுவோர் எத்தனை பேர் என்று ஒரு கேள்வி. பிள்ளையாரையும் சேர்ப்பதா என்று கேட்டேன். "கவுன்சில் ஊழியர்கள் மட்டும்" என்றார் ஹெலன்.

ஒன்று மட்டும் மனதைக் குத்துகிறது. ஆறு வருடம் திரைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேனே, ஒரு நாளாவது வாயைத் திறந்து கேட்டேனா? வந்த நாட்டில் நாங்கள் பல பேர் இப்படித்தான். கேட்டால் 'இல்லை' என்பார்கள் என்று, அவர்கள் சொல்ல வேண்டிய பதிலையும் நாங்களே சொல்லிவிடுகிறோம். எல்லா மனேஜரும் ஹெலன் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கேள்வியை நாம் கேட்டு, பதிலை அவர்களிடம் விட்டால் என்ன?

பெர்மிட் தாளில் கடைசிப் பெட்டி மிச்சம் இருந்தது. வேலையின் நோக்கம்.

நேர்த்தியை இங்கிலீஷில் எப்படி எழுதுவது? ஒப்பரேஷன், அவள் நடந்து வந்தது, அணைந்த கற்பூரம்... அந்தப் பெட்டியோ இரண்டு விரல் அகலம். நேரம் ஏழு ஐம்பது. எனக்கு வந்த ஒரே ஒரு சொல்லை எழுதினேன். வைஃப்.

ஹெலன் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கையெழுத்துப் போட்டார்.

தூறல் போட்டது. பிரபு குடை பிடித்தார். ஒஃபிசர் தானே சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து இரண்டடி தள்ளி நின்றார். அத்தனை பாதுகாப்போடு எந்தக் கோயிலிலும் தீபம் காட்டியிருக்க மாட்டார்கள். கற்பூரம் கடைசித் துளி வரைக்கும் நின்று எரிந்து, தானாக முடிந்தது. எட்டு மணிக்குக் கேற்றைத் திறந்தேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். பெர்மிட்டின் கடைசிப் பெட்டியில் எழுதியதையும் சொன்னேன். மனைவி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். இரண்டு ஊர் அர்த்தத்திலும் பேசாமல் இருந்தாள்.

பிறகு சொன்னாள். "வேலையின்ர நோக்கமே நானெண்டால், வேலை முடிஞ்ச உடன நேரத்துக்கு வீட்டை வாங்கோவன்."